கொட்டை எழுத்து எல்லா இடத்துக்கும் ஆகாது

அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பருவம் ஏறத்தாழ மே மாதத்தில் களைகட்டி ஒக்டோபரில் ஓய்கிறது. பருவம் நெருங்கும்போது பிரதான வீதியின் இரு மருங்கிலும் விடுதிகள், உணவகங்கள், சறுக்குப்பலகை வாடகைக் கடைகள் எல்லாம் வண்ணம் பூசிக்கொள்கின்றன, பெயர்ப்பலகைகளும் புதிதாகின்றன. அந்தப் பலகைகளில் விரும்பிப் போடப்படும் ஆங்கில எழுத்து வகைகளுள் ஒன்று எவர் கண்ணையும் இழுக்கும். அதன் நிமிர்ந்த கோடுகள் நன்றாகப் பருத்திருக்கும். அவற்றை இணைக்கும் கோடுகளோ மயிரிழையாக மெலிந்திருக்கும். ஒரே எழுத்துக்குள் பருமனும் மெலிவும் மோதிக்கொள்வதுதான் அதன் கவர்ச்சி. அதன் கீழே தமிழும் எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது கணினியில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஓர் எழுத்துருவாக இருக்கும். இடம் போதாமல் நெருக்கப்பட்டு, 'போல்ட்' பொத்தானால் ஊதப்பட்டு நிற்கும். பொத்துவில் தொடங்கிக் கல்முனை, மருதமுனை வரையான கரையோரத்தில், தமிழே தாய்மொழியான ஊர்களிலும், பலகைகளின் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. இதை அழகு பற்றிய சின்ன விடயமாக ஒதுக்கிவிட முடியாது. பருமனும் மெலிவும் மோதும் தடித்த எழுத்துக்கு ஒரு வேலை உண்டு. ஒரு பெயரை நிலைநாட்டுவதே அந்த வேலை. வழி காட்டவும் எச்சரிக்கவும் விவரம் சொல்லவும் அது உதவாது. அந்த ஒரு வேலையைக்கூட அது தமிழில் ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால், ஆங்கில எழுத்தின் பருமனைத் தமிழ்மேல் ஏற்றிவைப்பதை நிறுத்திவிட்டு, தமிழ் எழுத்தின் எலும்பிலிருந்தே அதை வரைய வேண்டும்.

இந்த எழுத்து வகை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் அதன் வலிமையும் வரம்பும் சேர்ந்தே தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜோன் பாஸ்கர்வில் என்ற அச்சாளர் வழுவழுப்பான தாளையும் கருமை மிகுந்த மையையும் கொண்டு அச்சிடத் தொடங்கினார். சொரசொரப்பான தாளில் உடைந்துபோகும் மெல்லிய கோடு, அத்தகைய தாளில் உடையாமல் விழுந்தது. அதன் பிறகு இத்தாலியின் பார்மா நகரில் ஜியாம்பத்திஸ்தா பொடோனியும் பாரிஸில் டிடோ குடும்பத்தினரும் அந்த மெலிவை எல்லைவரை கொண்டுபோனார்கள். அவர்களுடைய எழுத்தில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே படிப்படியான மாற்றம் கிடையாது. ஒன்று சட்டென்று மற்றொன்றாக மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் அச்சு வார்ப்பாளர்கள், குறிப்பாக ரொபர்ட் தோர்ன், இதே எழுத்தின் தடித்த கோட்டை மட்டும் பலமடங்கு பருக்க வைத்தார்கள். லொத்தர் சீட்டு, நாடக அறிவிப்பு, ஏல விளம்பரம் ஆகியவை இலண்டன் சுவர்களை நிறைத்த காலம் அது. ஒரு சுவரொட்டி பக்கத்துச் சுவரொட்டியை அமுக்கிவிட வேண்டும் என்ற தேவையே அந்த எழுத்தைப் பெற்றெடுத்தது. இன்றும் வோக் இதழின் தலைப்பிலும் வாசனைத் திரவியப் புட்டிகளிலும் நகைக்கடை விளம்பரங்களிலும் இந்தப் பரம்பரையின் எழுத்துகளையே காண்கிறோம். தொடக்கத்திலிருந்தே அதற்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன: நல்ல பரப்பு வேண்டும், பெரிய அளவு வேண்டும், சொற்கள் சிலவாக இருக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் எழுத்து தோற்றுப்போகும். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் அச்சு தனித்தனியாக வெட்டப்பட்டது. சின்ன அளவுக்கு வெட்டும்போது மெல்லிய கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி, உள்வெளியை விரித்து, எழுத்துகளுக்கிடையே இடமும் விடுவார்கள். பெரிய அளவில்தான் கோட்டை மெலிய விடுவார்கள். கணினி வந்த பிறகு ஒரே வரைபடம் எல்லா அளவுக்கும் இழுக்கப்படுகிறது. ஆறடி உயரப் பலகைக்கு வரையப்பட்ட எழுத்தை அப்படியே சுருக்கி விலைப்பட்டியலிலும் வணிக அட்டையிலும் போட்டால், மெல்லிய கோடு மறைந்து, தொடர்பற்ற தடித்த துண்டுகள் மட்டும் எஞ்சும். தலைப்பெழுத்தையும் உள்ளெழுத்தையும் பிரித்து ஆள்வது பத்திரிகைக் கூடங்களில் பழகிப்போன ஒழுக்கம். முதற்பக்கத் தலைப்புக்குக் கொட்டை எழுத்தைப் போடும் எந்த ஆசிரியரும் மரண அறிவித்தலின் உள்விவரத்தை அதே எழுத்தில் போடமாட்டார். தாளில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட இந்த ஒழுக்கம் வீதிக்கு வந்ததும் எப்படியோ மறந்துபோகிறது.

வீதியில் வாசிப்பது தாளில் வாசிப்பதைவிடக் கடினமானது. கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலில் கடலோரத்தை எட்டி, திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது வழியே கல்முனைக்குப் போகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒரு பஸ், ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். மூன்று நொடிப் பார்வைக்குள் 40 மீற்றருக்கு மேல் கடந்தாகிவிட்டது. அந்த நேரத்துக்குள் கண் பலகையைக் கண்டு, எழுத்தைப் பிரித்து, ஊரை அல்லது திருப்பத்தை அறிய வேண்டும். பிரித்தானியா 1958ஆம் ஆண்டு தன் முதல் அதிவேகச் சாலையைத் திறந்த காலத்தில் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. ஜொக் கினியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் அந்நாட்டுச் சாலைகளுக்கென வரைந்த எழுத்தில் எல்லாக் கோடும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் இருக்கும். உள்வெளி அகலமாகத் திறந்திருக்கும். அலங்காரம் எதுவும் கிடையாது. இரவில் வாகன விளக்கு பட்டதும் பலகையின் வெள்ளை எழுத்து கண்ணுக்கு வீங்கித் தெரியும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். நம் கரையில் இந்தச் சோதனைகளோடு வேறு மூன்றும் சேர்கின்றன: நண்பகல் வெயிலில் மினுங்கும் பிளெக்ஸ் துணி, இரும்புச் சட்டத்தை அரிக்கும் உப்புக்காற்று, ஆண்டு முடிவதற்குள் வெளுத்துவிடும் சாயம். வெளுப்பும் அரிப்பும் முதலில் தின்பது மெல்லிய கோட்டைத்தான். பலகை ஏறிய நாளில் எழுத்தின் அழகாக இருந்தது எதுவோ, அதுவே முதலில் உதிர்கிறது.

ஆங்கில எழுத்துக்கே இந்த இழப்பு உண்டு. தமிழுக்கு அது இன்னும் பாரதூரமானது. ஏனென்றால் தமிழில் ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பல மிகச் சிறியவை. அறுகம்பே என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கடைசி எழுத்து 'பே' என்று அறிவிப்பது கொம்பின் உச்சியில் உள்ள ஒரு சிறு சுழி மட்டுமே. தடிப்பில் அந்தச் சுழி அடைபட்டால் அது 'பெ' ஆகிவிடும். காரைதீவு என்ற பெயரில் காலும் ரகரமும் அருகருகே வருகின்றன. இரண்டையும் பிரிப்பது ரகரத்தின் அடியில் சாயும் சிறு கோடு. ஆங்கில முறையைப் பின்பற்றி அந்தச் சாய்கோட்டை மயிரிழையாக்கினால், சில அடி தூரத்திலேயே ரகரம் காலாகத் தெரியும். சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்ற பெயர்களில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் விழுந்தால் வாசிப்பு தடுமாறும். டண்ணகரத்தின் மூன்று சுழிகளில் ஒன்று நிரம்பிவிட்டால் அது றன்னகரமாகும். ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டே எழுதினார்கள், படிப்பவர் பொருளறிந்து ஊகித்துக்கொண்டார் என்று சிலர் சொல்லக்கூடும். சுவடியைப் படித்தவர் பாடத்தைப் பெரும்பாலும் முன்பே அறிந்த புலவர். ஆறுதலாக உட்கார்ந்து படித்தவர். பஸ் ஜன்னலருகே இருந்து ஊர் தேடுபவருக்கு அந்த வசதி கிடையாது. எழுத்தின் கருமை கூடினால் தெளிவும் கூடும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. எழுத்தை வாசிக்க வைப்பதில் கோட்டுக்கு எவ்வளவு பங்கோ, கோடுகளுக்கு நடுவே விடப்பட்ட வெளிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. சுழிகளால் ஆன தமிழில் அந்த வெளியைக் காப்பது எழுத்தையே காப்பதாகும்.

இன்றைய பலகைத் தயாரிப்பு முறை அந்த வெளியை இரண்டு வழிகளில் பறிக்கிறது. முதலாவது, பொய்த் தடிப்பு. ஓர் எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் தனியாக வரையப்பட்டிருக்காவிட்டால், 'போல்ட்' பொத்தானை அழுத்தும்போது மென்பொருள் இருக்கும் கோட்டின் ஓரத்தையே எல்லாப் பக்கமும் ஒரேயளவாக ஊதிப் பெருக்குகிறது. வடிவமைப்பாளர் ஒருவர் தடித்த எழுத்தை வரைந்தால் சுழியைச் சற்று விரிப்பார், சந்திப்புகளை மெலியவிடுவார், எழுத்தின் அகலத்தையும் கூட்டுவார்; பொத்தானுக்கு இந்த அறிவு கிடையாது. இரண்டாவது, நெருக்கல். அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று போன்ற பெயர்கள் தமிழில் நீளமானவை. சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அளந்து வைத்த சட்டத்துக்குள் அவை அடங்காதபோது எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்குவார்கள். கணக்கு எளிது: நெடுக்குக் கோடும் படுக்கைக் கோடும் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள எழுத்தை 60 வீத அகலத்துக்கு அமுக்கினால், நெடுக்குக் கோடு 6 மில்லிமீற்றராகச் சுருங்கும், படுக்கைக் கோடு 10 மில்லிமீற்றராகவே இருக்கும். யாரும் திட்டமிடாத, யாரும் விரும்பாத ஒரு பருமன் மெலிவு வேறுபாடு எழுத்துக்குள் புகுந்துவிடுகிறது. சுழிகள் நசுங்கி நீள்கின்றன, எழுத்துகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த நிலையில் தமிழ் தன் பக்கத்தில் மிடுக்காக நிற்கும் ஆங்கிலத்துக்கு அடிக்குறிப்பாகவே தோன்றும். பிறகு, 'தமிழில் எழுதினால் பலகை அழகாக வராது' என்ற பேச்சு எழுகிறது. அழகு கெட்டதற்குக் காரணம் மொழியின் எழுத்து என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது செய்த விதத்தின் கோளாறு.

பருமன் எங்கே விழ வேண்டும், மெலிவு எங்கே விழ வேண்டும் என்பது ஒவ்வொரு எழுத்து முறைக்கும் வேறு. இதை மெய்ப்பிக்க வேறு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்தக் கரையோரப் பலகைகளே சான்று. ஆங்கில எழுத்தின் தடிப்பு நெடுக்குக் கோட்டில் இறங்குகிறது. அது ஐரோப்பிய இறகுப் பேனாவின் வழியும் செப்புத் தகட்டில் செதுக்கிய உளியின் வழியுமாகும். பள்ளிவாசல், மதரசா பலகைகளில் உள்ள அரபு எழுத்தின் பருமன், சாய்வாகச் சீவிய நாணல் எழுதுகோல் திரும்பும் திசைக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. நஸ்க், துலுத் என்ற பாணிகளுக்கு அளவு விதிகளே உண்டு. அண்மைக்காலத்தில் அறுகம்பேக் கடைகள் சிலவற்றில் தோன்றியுள்ள எபிரேய எழுத்தில் படுக்கைக் கோடுகள் தடித்தும் நெடுக்குக் கோடுகள் மெலிந்தும் இருக்கும். லைப்சிக் நகரில் 1908 அளவில் வரையப்பட்ட பிராங்க் ரூல் என்ற புகழ்பெற்ற எபிரேய அச்செழுத்து அந்த மரபை மதித்தே செய்யப்பட்டது. அதை வரைந்தவர்கள் பொடோனியின் நெடுக்குப் பருமனை அப்படியே எபிரேயத்துக்கு மாட்டியிருந்தால் அந்த எழுத்து முகமிழந்து போயிருக்கும். தமிழுக்கு மட்டும் ஏன் இந்தக் கவனம் மறுக்கப்பட வேண்டும்? தமிழ் எழுத்தின் ஓட்டத்தைக் கவனிப்பவருக்கு, எங்கே கோடு ஓய்கிறது, எங்கே வளைந்து திரும்புகிறது, எந்தச் சுழி எழுத்தின் அடையாளத்தைத் தாங்குகிறது என்பது தெரியும். தடிப்பைத் தாங்கக்கூடிய இடம் எழுத்தின் நீண்ட வளைவும் அடிக்கோடும்; மெலிவுக்கு விடக்கூடியது இரண்டு பகுதிகளை இணைக்கும் திருப்பம். அடையாளத்தைச் சுமக்கும் கொம்பின் உச்சியையும் ரகரத்தின் சாய்வையும் புள்ளியையும் ஒருபோதும் மயிரிழைக்கு விடலாகாது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு மரபின் பெயரால் வருவது. தமிழ், எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்த எழுத்து. எழுத்தாணிக் கோட்டுக்குப் பருமனும் கிடையாது, மெலிவும் கிடையாது. ஆகவே இந்த எழுத்து வகையே தமிழுக்கு அந்நியம், அதை முற்றாக விலக்குவதே சரி என்பது அந்த வாதம். அதன் முதற்பாதி உண்மை, முடிவு பிழை. சிங்களமும் ஓலையில் எழுத்தாணியால் எழுதப்பட்ட மொழிதான். ஆயினும் புஷ்பானந்த ஏக்கநாயக்க 1996இல் வரைந்த எப்.எம். அபயா என்ற சிங்கள எழுத்துரு, பருமனும் மெலிவும் கொண்ட அச்சு மரபைச் சிங்களத்தின் வளைவுகளுக்கு இணங்கக் கையாண்டு, நாடு முழுவதும் புழங்குகிறது; கொழும்பைச் சேர்ந்த முனியாக் குழு பின்னர் அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் யூனிகோட் எழுத்துருவாக்கியது. தமிழ் அச்சும் ஓலையோடு நின்றுவிடவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, தரங்கம்பாடி மிஷனுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட எழுத்து, சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்ற அச்சாளர் செம்மைப்படுத்திய சிறிய எழுத்து என்று அது உருமாறிக்கொண்டே வந்திருக்கிறது. பத்திரிகைகளில், 1841இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த 'உதயதாரகை'யும், 1882இல் சித்திலெப்பை கண்டியிலிருந்து வெளியிட்ட 'முஸ்லிம் நேசன்'உம் தாங்கள் வந்த காலத்தின் அச்செழுத்தை ஏற்றுக்கொண்டே வாசகரிடம் போயின. லை, ளை, னை என்பவற்றின் துதிக்கை வடிவங்கள்கூட 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு அச்சிலிருந்து படிப்படியாக மறைந்தன. கல்முனை, அட்டாளைச்சேனை என்ற பெயர்களின் தோற்றமே அதனால் மாறியது. இத்தனை மாற்றங்களைத் தாங்கிய எழுத்து, நன்றாக வரையப்பட்ட ஒரு கம்பீரமான தலைப்பெழுத்தையும் தாங்கும். புத்தக அட்டைக்கும் விழாப் பதாகைக்கும் கடைப் பெயருக்கும் தமிழில் அப்படியோர் எழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் அழகு ஆங்கிலத்தின் சொத்தாகவும், தமிழ் அலுவலகப் படிவத்தின் எழுத்தாகவும் பிரிந்துபோகும்.

இரண்டாவது மறுப்பு காசும் வசதியும் பற்றியது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடைக்காரர், காலையில் வந்த வேலையை மாலைக்குள் கொடுக்க வேண்டியவர். அவரிடம் எழுத்துருவியல் பேசுவது நியாயமா என்று கேட்கலாம். பழைய பாமினி முறை எழுத்துருக்களிலேயே அவருடைய கை பழகியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் நல்ல எழுத்துரு இன்று விலைக்கு வாங்க வேண்டிய பொருளாக இல்லை. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டுமரான் எழுத்துரு ஒன்பது தடிப்புகளில் கிடைக்கிறது; ஒவ்வொரு தடிப்பும் தனியாகத் தீர்மானிக்கப்பட்டது, பொத்தானால் ஊதப்பட்டதல்ல. மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழுவின் முக்த மலர் விவரப் பலகைக்கு உகந்தது. அதே குழுவின் பலூ தம்பி, தடித்தும் சுழிகள் அடைபடாமலும் நிற்கும் கடைப்பெயர் எழுத்து. 2022இல் வந்த அதே குழுவின் அனேக் தமிழ், குறுகிய வடிவம் முதல் அகன்ற வடிவம் வரை முறையாக வரையப்பட்ட அகல வேறுபாடுகளைத் தருகிறது. அட்டாளைச்சேனையை அமுக்க வேண்டிய கட்டாயம் அதோடு தீர்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த பவனம், கவிவனர் ஆகிய எழுத்துருக்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இவை எல்லாம் யூனிகோட் எழுத்துருக்கள். கடைக்காரர் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். அடுத்த பலகைக்கு மேலதிகச் செலவு எதுவும் வராது. செலவு, கெட்ட பலகையில்தான் இருக்கிறது. வாசிக்க முடியாமல் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டிய பிளெக்ஸுக்கு இரண்டு முறை காசு போகிறது.

மூன்றாவது மறுப்பு வியாபாரிகளுடையது, அது கவனமாகப் பதில் சொல்ல வேண்டியது. அறுகம்பேயின் வாடிக்கையாளர் வெளிநாட்டார். கடையின் பெயர் என் உரிமை. அதை எந்த எழுத்தில் எழுதுவது என்று பிறர் சொல்ல முடியாது என்பார்கள். கடைப்பெயரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. பெயர் என்பது ஓரிரு சொல்; பெரிதாக எழுதப்படுவது; மறுபடி மறுபடி பார்க்கப்பட்டு மனத்தில் பதிவது. பருமனும் மெலிவும் மோதும் எழுத்து அங்கே தாராளமாக நிற்கட்டும். ஆனால் அதே பலகையில் திறக்கும் நேரம், தொலைபேசி இலக்கம், அறை வாடகை, 'இங்கிருந்து இடப்பக்கம்' என்ற வழிக்குறிப்பு எல்லாம் அதே எழுத்தில் நெருக்கப்படும்போது கடைக்காரர் தன் வாடிக்கையாளரையே இழக்கிறார். வருபவர் எல்லோரும் வெளிநாட்டார் என்பதும் பொருந்தாது. பெருநாள் விடுமுறையில் வரும் குடும்பங்கள், சரக்கு இறக்க வரும் லொறிச் சாரதி, ஓட்டோக்காரர், விடுதியில் வேலை தேடி வரும் இளைஞர், பாணமைக்கோ குமணைக்கோ போகும் வழியில் நிறுத்திச் சாப்பிடுபவர் ஆகியோரில் பெரும்பாலோர் தமிழிலோ சிங்களத்திலோ வாசிப்பவர்கள். அவர்களும் காசு கொடுப்பவர்களே. உள்ளூர்த் தமிழை மிடுக்காக எழுதிய பலகை, வேறோர் ஊரில் காணக் கிடைக்காத முகத்தை அந்த வீதிக்குத் தரும் என்பதையும் வியாபாரிகள் கணக்கிட வேண்டும். உலகின் எந்தக் கடற்கரையிலும் காணக்கூடிய ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊரும் தன் தனித்தன்மையை விற்க முடியாது.

பொதுப் பலகைகளில் இது விருப்பத்தின் பாற்பட்டது அல்ல, கடமை. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழியானது. மும்மொழிப் பலகைகள் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் வடிவம். மூன்று வரிக்கும் ஒரே எழுத்தளவு கொடுத்துவிட்டோம், சமத்துவம் வந்துவிட்டது என்று அலுவலர்கள் நினைக்கிறார்கள். அளவு எண்ணில் சமமாக இருந்தும், சுழி நிறைந்த, நீளமான தமிழ் வரி அமுக்கப்பட்டு மங்கித் தெரிந்தால் அந்தச் சமத்துவம் தாளோடு நின்றுவிட்டது என்றே பொருள். கண்ணுக்குத் தெரியும் அளவே சமத்துவத்தின் அளவு. இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அந்த இழப்பைச் சுமந்த ஊர்கள். அதன் பிறகு கடலோரத்தில் ஆபத்து வேளையில் எந்தப் பக்கம் ஓடுவது என்று காட்டும் பலகைகள் நாட்டப்பட்டன. அப்படியொரு பலகையை வாசிப்பவர் ஓடிக்கொண்டிருப்பார், அல்லது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் இருப்பார், இருட்டாகவும் இருக்கலாம். அவருக்கு ஒரே சீரான தடிப்பும், திறந்த சுழியும், தெளிவான புள்ளியும் கொண்ட எழுத்து உயிர்காக்கும் கருவி. அங்கே அலங்காரத்துக்கும் நெருக்கலுக்கும் வெளுத்த சாயத்துக்கும் இடம் கொடுப்பது பொறுப்பின்மை.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் எதுவும் அல்ல. கல்முனை மாநகர சபையும் பொத்துவில் பிரதேச சபையும் ஏனைய சபைகளும் தாங்கள் நாட்டும் பலகைகளுக்கு ஒரு பக்க விதிமுறை எழுதிக்கொள்ளலாம்: வழி, எச்சரிக்கை, விவரம் ஆகியவற்றுக்கு ஒரே சீரான தடிப்புள்ள எழுத்துரு; எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கத் தடை; மென்பொருளின் பொய்த் தடிப்புக்குத் தடை; தமிழ் வரிக்குத் தேவையான அகலத்தை முதலில் அளந்து அதற்கேற்பச் சட்டத்தின் அளவைத் தீர்மானித்தல். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஊர்ப்பெயர்களைப் பல எழுத்துருக்களில் அச்சிட்டு, பகலிலும் இரவிலும், இளையோரிடமும் முதியோரிடமும் எத்தனை மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்க முடிகிறது என்று அளந்து வெளியிட்டால், வாதத்துக்குப் பதிலாகச் சபைகளின் கையில் எண்கள் இருக்கும். கடைக்காரர்களுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. பலகையை அச்சுக்கு அனுப்பும் முன் அதைத் தாளில் சிறிதாக எடுத்து, வீதியின் மறுபக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். காலும் ரகரமும் பிரிந்து தெரிகின்றனவா, கொம்பின் சுழி திறந்திருக்கிறதா, புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அச்சடிக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் எழுத்துருவை மாற்றுங்கள். கடையின் பெயரை உங்கள் மனம்போல் எவ்வளவு தடித்தும் எழுதுங்கள். மற்ற எல்லா வரியையும் வாசிப்பவருக்காக எழுதுங்கள்.